விட்டுவிட்டால் பிழைத்துவிடுமா?

ஜூலை பிறந்துவிட்டது. டாலஸ் பக்கம் வெயில் நூறைத் தொடுகிறது. நம் ஓய்வூதிய கோஷ்டியில் சிலர் மறுபடியும் லேக் ஃபோர்க் ஏரிக்குக் கிராப்பி மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். போகட்டும், நானும் போகிறவன்தான். வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவதைவிட எவ்வளவோ மேல். அவர்களில் பலர் பெருமையாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை: "நாங்க எதையும் கொல்றதில்ல சார். பிடிச்சுட்டு உடனே விட்டுடுவோம்."

வசந்த காலத்தில் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அப்போது கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும். முழங்கால் ஆழத் தண்ணீரில் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு, பதமாகக் கொக்கியைக் கழற்றி விட்டால் ஓடிப்போய்விடும்.

கோடையில் கதை வேறு. மேல் தண்ணீர் வெந்நீர் மாதிரி ஆகிவிடுவதால் மீன் நடு ஏரிக்குப் போய், 20, 25 அடி ஆழத்தில் பாலத் தூண்களையும் மூழ்கிய மரங்களையும் ஒட்டி நிற்கும். சில சமயம் எந்தப் பிடிப்பும் இல்லாத வெட்டவெளித் தண்ணீரில் கூட்டமாக மிதந்து நிற்கும். அடித்தட்டுக் குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு இருக்காது; அதனால் அதற்குக் கீழேயும் போக முடியாது. மேலே சூடு, கீழே மூச்சுத்திணறல், நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் அதன் பிழைப்பு. அங்கிருந்துதான் நாம் அதைச் சரசரவென்று இழுக்கிறோம்.

மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. 25 அடியிலிருந்து மேலே வந்தால் அதிலுள்ள காற்று ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காக விரியும். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதிதான், புதிதாக ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்தப் பையிலிருந்து தொண்டைப் பக்கம் ஒரு குழாய் உண்டு. ஏப்பம் விடுவது போல் காற்றை வெளியேற்றிவிடும். கிராப்பிக்கு அந்த வழி அடைப்பு. ரத்தத்தின் வழியாக மெதுவாகத்தான் காற்று கரைய வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் கண் பிதுங்கும், இரைப்பை வாய் வழியே வெளியே தள்ளும். தண்ணீரில் விட்டால் கீழே போக முடியாமல் அந்தச் சூட்டிலேயே மல்லாந்து மிதக்கும். நாரைக்குக் கொண்டாட்டம்!

"துள்ளிக்கிட்டு உள்ள போச்சே, கண்ணால பாத்தேனே" என்பார் ஒருவர். போகும்தான். உள்காயத்தோடு போன மீன் நாளைக்கு என்ன ஆனது என்று படகிலிருந்து பார்க்க முடியாது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிடுகிறேன் என்பவரும் உண்டு. கண்ணாடி இல்லாமல் மாத்திரை அட்டையைப் படிக்க முடியாத வயதில், ஆடும் படகில் மீனுக்கு அறுவை சிகிச்சையா?

நான் கிளப்பும் புரளி இல்லை இது. டெக்சாஸில் 10 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியைத் திரும்ப விட வேண்டும், நாளைக்கு 25 வரை எடுக்கலாம் என்பது பொது விதி. ஆனால் இதே லேக் ஃபோர்க்கில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை அந்த அளவு விதி கிடையாது. பிடித்த கிராப்பி எதுவானாலும் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். குளிர்காலத்தில் மீன் ஆழத்தில் கிடக்கிறது, விட்டாலும் சாகிறது, அதனால்தான். கோடைக்கு இந்த விதி இல்லை. பாயில் விதி மட்டும் ஜூலையில் லீவு எடுத்துக்கொள்ளுமா?

இப்போது லைவ்ஸ்கோப் என்று ஒரு கருவி வேறு. 2018-இல் வந்தது. வெட்டவெளித் தண்ணீரில் மீன் நிற்பதைத் திரையில் காட்டும், தூண்டில் அதன் மூக்குக்கு முன்னால் இறங்குவதும் தெரியும். முன்பெல்லாம் நடு ஏரியில் மீனைத் தேடுவதற்குள் பாதி நாள் போய்விடும். மீனுக்கு அதுவே பாதுகாப்பு. இன்று ஒருவர் காலை நேரத்தில் நாற்பது, ஐம்பது இழுத்து, போட்டோ எடுத்து, "எல்லாத்தையும் விட்டுட்டேன்" என்று வாட்சப்பில் போடுகிறார். அதற்கு நாம் கைகூப்பும் பொம்மைகளை வரிசையாக அனுப்புகிறோம். எட்டு மீன் எடுத்துப்போய்க் குழம்பு வைத்தவன் கொலைகாரன், ஐம்பதை மிதக்கவிட்டவர் ஜீவகாருண்யராம்.

விளையாட்டுக்குப் பிடித்து விட வேண்டுமென்றால் ஏப்ரலில் கரையோரம் போங்கள். கோடையில் ஆழத்துக்குப் போனால் சாப்பிடப் போங்கள். அடுத்தடுத்து இரண்டு சின்ன மீன் வந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். அங்கே நிற்பது குஞ்சுக் கூட்டம். பெரியது கிடைத்ததும் பெட்டியில் இருக்கும் சின்னதை எடுத்து ஏரியில் வீசும் வேலையும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர், எட்டு மீன் தாராளம். மிளகாய்த்தூள் தடவித் தவாவில் போட்டால் முள் தொந்தரவு இல்லாமல் பேரன்கூடச் சாப்பிடுவான். எட்டாவது ஐஸ் பெட்டிக்குள் போனதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். "நூறு மைல் வந்துட்டு எட்டோட கிளம்பறீங்களே, இன்னும் பதினேழு எடுக்கலாமே" என்று பக்கத்துப் படகுக்காரர் கேட்பார். எடுக்கலாம்தான். அவற்றைச் சுத்தம் செய்வது யார் என்று என் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பேன்.