திருஷ்டிப் பொம்மையும் பாறைத் தோட்டமும்

மூங்கில்துறைப்பட்டில் புதுவீடு கட்டுவோர், தளம் போடும் முன்னரே வாசலில் ஒரு திருஷ்டிப் பொம்மையை நிறுத்திவிடுவர். வைக்கோல் திணித்த பழைய கால்சட்டை, பொத்தான் இழந்த சட்டை, கரியும் சுண்ணாம்பும் கொண்டு கண்ணும் பல்லும் தீட்டிய ஓட்டைச் சட்டி. தென்பெண்ணைக் கரைக் கொல்லைகளிலும் இதே உருவந்தான் கைவிரித்து நிற்கும். இதனைச் சிற்பம் என்று நாம் சொன்னால் வகுப்பறையில் சிரிப்பு எழுகிறது. சிரித்தவர்களே சண்டிகர் பாறைத் தோட்டத்தின் படங்களைக் காட்டியதும் வியந்துபோகின்றனர்.

அத்தோட்டத்தை உண்டாக்கிய நேக் சந்த் கலை பயின்றவரல்லர். பொதுப்பணித்துறையின் சாலை ஆய்வாளர். பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். லெ கொர்பூசியேயின் புதுநகரம் எழுவதற்காக இடிக்கப்பட்ட சிற்றூர்களின் எச்சங்களை மிதிவண்டியில் சுமந்துசென்று, ஏறத்தாழ 18 ஆண்டுகள், அரசின் காட்டு நிலத்தில் யாருமறியாமல் உருவங்கள் செய்தார். உடைந்த வளையல்கள் பெண்ணுருவங்களுக்கு ஆடையாயின. அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, சட்டத்தின் பார்வையில் அது வெறும் ஆக்கிரமிப்பு. இடிபடாமல் தப்பி, 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே வளையல் இன்றும் வளையலாகவே தெரிகிறது என்பதுதான் நமக்கு முதன்மையானது. யாரோ ஒருத்தியின் கை அதற்குள் இருந்தது.

தில்லியில் 2019இல் ஏறக்குறைய 150 டன் பழைய இரும்பைக் கொண்டு உலக அதிசயங்கள் ஏழின் நகல்களை எழுப்பினர். உழைப்பு பெரிதுதான். ஆயினும் காண்பவருக்குத் தாஜ்மகால் தெரிகிறதேயன்றி, அந்த இரும்பு எங்கு உழைத்துத் தேய்ந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. தான் எதனால் ஆனது என்பதை மறைத்துக்கொள்ளும் இவ்வகைச் சிற்பம் நமக்கு உவப்பானதன்று. ‘கழிவிலிருந்து கலை’ப் போட்டிகள் இப்போது கல்லூரிதோறும் நடக்கின்றன, அவற்றுக்கெனக் கடையில் புதுத் தட்டுகளும் குவளைகளும் வாங்கப்படுவதை நாமே கண்டிருக்கிறோம்!

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டது. ஆற்றோர ஊர்களின் தெருக்களில் பாயும் தலையணையும் பள்ளிப் புத்தகங்களும் சேறாகிக் குவிந்தன. எவரும் வேண்டாமென்று எறிந்தவையல்ல அவை. எனினும் குப்பையென்றே அள்ளப்பட்டன.

இம்முறை நம் மாணவர்களிடம், வீட்டில் ஒருவர் புழங்கித் தேய்ந்த பொருளை மட்டும் கொண்டுவரச் சொன்னோம். ஒரு மாணவி, வெள்ளத்தில் மிஞ்சிய, பலகை உளுத்த அரிவாள்மனையைக் கொண்டுவந்தாள். அதற்கு வண்ணம் பூச வேண்டாமென்று கேட்டுக்கொண்டாள்.