மெரிட் லிஸ்ட்டில் நுரையீரலுக்கு மார்க் கிடையாது

கொஞ்சம் நீளமான த்ரெட். கரண்ட் பில் கட்டுற, மூச்சு விடுற எல்லாருக்கும் சம்பந்தம் இருக்கு. பொறுமையாகப் படிங்க.

1. மின்வாரியத்தை இரண்டாகப் பிரித்தார்கள், மூன்றாகப் பிரித்தார்கள், தனியாரைச் சேர்த்தார்கள், கரண்டுக்கு மார்க்கெட் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் "நஷ்டம்" என்ற ஒரு வார்த்தைதான் பேச்சு. புகைக்கு யார் காசு கொடுப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பதில் ரொம்ப சிம்பிள். நீங்கதான் கொடுக்கறீங்க. ஈ.பி. ஆபீஸ் கவுண்டரில் இல்ல, ஆஸ்பத்திரியில.

2. நான் எம்.பி.பி.எஸ். படித்த சாதாரண அரசு மருத்துவர். பொருளாதார நிபுணர் இல்லை. "டாக்டருக்கு எதுக்கு கரண்ட் பாலிடிக்ஸ்?" என்று கேட்க வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கில் விட்டுப்போன செலவு என் ஓ.பி.க்குத்தான் வருகிறது. அதனால் பேசுகிறேன்.

3. சுருக்கமா வரலாறு. 2003 மின்சாரச் சட்டம் வந்தது. உற்பத்தி, கடத்தல், விநியோகம் என்று வாரியங்களைப் பிரிக்கச் சொன்னார்கள். 2008-ல் மின்சாரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் வந்தது, ஷேர் மார்க்கெட் மாதிரி. தமிழ்நாட்டில் 1957 முதல் ஒன்றாக இருந்த வாரியம் 2010-ல் டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024-ல் டான்ஜெட்கோவும் உற்பத்திக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று, பசுமை எரிசக்திக்கு ஒன்று என மூன்றானது. பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. எண்ணூரில் புகைபோக்கி அப்படியேதான் நிற்கிறது.

4. இப்போ முக்கியமான விஷயம். இன்னைக்கு எந்த மின்நிலையத்தை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று எப்படி முடிவு பண்றாங்க தெரியுமா? லோட் டெஸ்பாட்ச் சென்டரில் ஒரு பட்டியல் இருக்கும். பெயர் "மெரிட் ஆர்டர்". ஒரு யூனிட் தயாரிக்க எரிபொருள் செலவு யாருக்குக் குறைவோ அவருக்கு முதல் ரேங்க். தேவை கூடக்கூட அடுத்தடுத்த ரேங்க்கில் இருப்பவர்களை ஓட்டச் சொல்வார்கள்.

5. மெரிட் என்றால் தகுதி. இந்தப் பட்டியலில் தகுதி என்பது எரிபொருள் செலவு மட்டும்தான். எவ்வளவு கந்தகப் புகை, எவ்வளவு தூசி, எவ்வளவு பாதரசம் என்பதற்கு மார்க்கே இல்லை. பக்கத்தில் பத்தாயிரம் பேர் குடியிருந்தாலும் பொட்டல்காடாக இருந்தாலும் ரேங்க் ஒன்றுதான்.

6. இப்போ ஒரு மின்நிலையம் நல்ல பிள்ளையாக எஃப்.ஜி.டி. போடுகிறது என்று வைப்போம். புகையைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவி, சல்பர் டை ஆக்சைடில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும் கருவி அது. அதை ஓட்ட சுண்ணாம்புக்கல் வேணும், கொஞ்சம் கரண்டும் வேணும். அந்தச் செலவை விலையில் சேர்த்தால் ரேங்க் பின்னுக்குப் போகும். சேர்க்க வேண்டாம் என்று சலுகை கொடுத்தால் அதே இடத்தில் நிற்கும். புகையைக் குறைத்ததற்காக ஒரு படி முன்னுக்கு வர இந்த முறையில் வழியே கிடையாது. இதுதான் என் மொத்தக் குற்றச்சாட்டும். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

7. "மார்க்கெட்டை விடுங்க, சட்டம் இருக்கே?" என்பீர்கள். இருந்தது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின்நிலையங்களுக்குப் புதிய வரம்பு கொண்டுவந்தது. கெடு இரண்டே வருடம், 2017. அதன்பிறகு நடந்தது வாய்தா. 2017-ல் ஒன்று, 2021-ல் ஒன்று, 2022-ல் ஒன்று, 2024 கடைசியில் ஒன்று. நாலு வாய்தா.

8. 2025 ஜூலையில் கேஸையே மூடிவிட்டார்கள். பெரிய நகரங்களுக்கு 10 கி.மீ.க்குள் இருப்பவை 'ஏ' பிரிவு. இவை மட்டும் 2027 இறுதிக்குள் கட்டாயம் போடணும். மாசு மிகுந்த பகுதிகளுக்கு 10 கி.மீ.க்குள் இருப்பவை 'பி'. ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்களாம். மீதி எல்லாம் 'சி'. புகைபோக்கி உயரம் சரியாக இருந்தால் கந்தக வரம்பிலிருந்தே விலக்கு. நாட்டின் அனல் மின் அலகுகளில் முக்கால்வாசிக்கு மேல் இந்த 'சி'தான். பத்து வருடம் அவகாசம் கொடுத்த பிறகும் பத்தில் ஒரு அலகில்கூடக் கருவி இல்லை. போடாதவனுக்கு விலக்கு. போட்டவன் ஏமாளி.

9. 10 கி.மீ. கணக்கு எங்கிருந்து வந்தது? மருத்துவத்திலிருந்து வரவில்லை. சல்பர் டை ஆக்சைடு சிம்னியை விட்டு வெளியேறியதும் காற்றில் வேதிமாற்றம் அடைந்து சல்பேட் துகளாகிறது. அது பிஎம் 2.5. காற்றோடு நூற்றுக்கணக்கான கி.மீ. போகும். உயரமான புகைபோக்கி வைத்தால் பக்கத்து ஊரில் வாயுவின் அளவு குறையும். புகை குறையாது, இன்னும் தூரமாகப் போய் இறங்கும். நம் வீட்டுக் குப்பையை அடுத்த தெருவில் கொட்டுவதற்கு என்ன பெயர்?

10. உடம்புக்குள் என்ன ஆகும்? ஆஸ்துமா உள்ளவருக்குச் சல்பர் டை ஆக்சைடு பட்டால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் சுருங்கும். பிஎம் 2.5 மூக்கு, தொண்டை எல்லாம் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அங்கிருந்து வரும் அழற்சி ரத்தக்குழாய் வரை போகிறது. அதனால்தான் காற்று மாசு என்பது இருமல் பிரச்சனை மட்டும் இல்லை. மாரடைப்பு, பக்கவாதம், குறைப்பிரசவம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பிஎம் 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 40.

11. ஒரு உண்மையை நேர்மையாகச் சொல்லணும். என் முன்னால் மூச்சுத்திணறலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காட்டி, "இது அந்தச் சிம்னியால் வந்தது" என்று என்னால் எழுத முடியாது. பீடி இருக்கும், விறகடுப்பு இருக்கும், லாரிப் புகை இருக்கும். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவோம், மின்சாரம் என்று எழுதுவதில்லை. இந்தச் செலவை யார் தலையிலும் எழுத முடியாது என்பதுதான் மின்துறைக் கணக்குக்குப் பெரிய வசதி. வாரியத்தின் நஷ்டம் பைசா சுத்தமாகத் தெரியும். மக்களின் நஷ்டம் நெபுலைசரிலும் காப்பீட்டு அட்டையிலும் போன வேலைநாட்களிலும் சிதறிக் கிடக்கும்.

12. வழக்கமான பதில்களுக்கு வருவோம். "இந்திய நிலக்கரியில் கந்தகம் கம்மி." சரி, அரை சதவீதம் என்றே வைப்போம். மின்சாரத்துக்காக நாம் எரிப்பது வருடத்துக்கு 80 கோடி டன்னுக்கு மேல். அரை சதவீதம் என்றால் 40 லட்சம் டன் கந்தகம். ஆக்சிஜனோடு சேர்ந்தால் எடை இரண்டு மடங்கு, 80 லட்சம் டன். ஒரு பகுதி சாம்பலோடு போனாலும் மிச்சம் யார் மூச்சில்? ஒரு சிட்டிகை உப்புதான் என்று சொல்லி அண்டா அண்டாவாக ஊற்றினால் பிபி ஏறாதா?

13. "எஃப்.ஜி.டி. ஓட்டினால் கார்பன் டை ஆக்சைடு கூடும், பூமி சூடாகும்." கொஞ்சம் கூடும், உண்மை. அதற்கு மருந்து நிலக்கரியைக் குறைப்பது. கார்பனைக் காரணம் காட்டிக் கந்தகத்தைத் திறந்துவிடுவது, கிட்னிக்கு ஆகாது என்று சொல்லி இன்ஃபெக்ஷனுக்கு மருந்தே கொடுக்காமல் அனுப்புகிற மாதிரி. அவ்வளவு கார்பன் அக்கறை இருந்தால், 2023-ல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தின் முதல் பட்டியலில் சிமென்ட், அலுமினியம், காகித ஆலைகள் எல்லாம் இருக்க, அனல் மின்நிலையம் மட்டும் ஏன் இல்லை?

14. "கட்டணம் ஏறும், ஏழைகள் பாவம்." யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா என்று செய்திகளில் வந்தது. அதையே எடுப்போம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு 60 ரூபாய். ஒரு இன்ஹேலர் வெளியில் வாங்கினாலே அதைவிடப் பல மடங்கு. அந்த 60 ரூபாயையும் ஏழை வீட்டில் வாங்க வேண்டாம், மானியத்தில் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் 100 யூனிட் இலவசம் தருகிறோமே, முடியாதா?

15. வேறு ஊரில் செய்திருக்கிறார்களா? இருக்கிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் மின்சந்தையைத் திறந்துவிட்ட பத்து மாநிலங்கள், வாஷிங்டனுக்காகக் காத்திருக்காமல் 2009-ல் ஒன்று சேர்ந்தன. மின்நிலையங்கள் மொத்தமாக இவ்வளவு கார்பன்தான் விடலாம் என்று ஒரு உச்சவரம்பு. விடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் ஏலத்தில் அனுமதிச்சீட்டு வாங்கணும். அந்தச் சீட்டின் விலை மின்சாரத்தின் விலையில் ஏறும். அதாவது புகைக்கு மைனஸ் மார்க். மெரிட் ஆர்டர் தானாக மாறும். மார்க்கெட்டை ஒழிக்கவில்லை, அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

16. பலன்? ஆப்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் ஆய்வு முதல் ஆறு ஆண்டுகளை, 2009 முதல் 2014 வரை, கணக்குப் பார்த்தது. 300 முதல் 830 பேரின் அகால மரணம் தவிர்க்கப்பட்டது, உடல்நலப் பலன் சுமார் 570 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. குறைத்தது கார்பனை. கூடவே கந்தகமும் குறைந்ததால் பிழைத்தது மனிதர்கள்.

17. அதிலும் ஓட்டை உண்டு. நியூ ஜெர்சி 2011 இறுதியில் வெளியேறி 2020-ல்தான் திரும்பியது. வரம்பு இல்லாத பக்கத்து மாநிலத்திலிருந்து நிலக்கரி கரண்டை வாங்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. நமக்கு இது புதுசு இல்லை. ஒடிசாவின் தால்ச்சரில் நிலக்கரி எரித்து, கோலார் வரை உயர் அழுத்த லைனில் தெற்குக்குக் கரண்ட் வருவது 2003 முதல் நடக்கிறது. விளக்கு நமக்கு, புகை அவர்களுக்கு. தமிழ்நாடு மட்டும் தனியாகச் சுத்தமாகிவிட முடியாது. தென் மாநிலங்கள் சேர்ந்துதான் செய்யணும்.

18. "அமெரிக்கா வேற, நாம வேற." சரி, சூரத்துக்கு வாங்க. அங்கே தொழிற்சாலைகளின் புகைத்துகளுக்கு 2019-ல் இதே மாதிரி உச்சவரம்பும் சீட்டு வர்த்தகமும் தொடங்கினார்கள். துகள் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது என்று ஆய்வு சொல்கிறது. 2011-ல் மத்திய அமைச்சகம் இந்த முன்னோட்டத்தை அறிவித்தபோது குஜராத், மகாராஷ்டிராவோடு தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. குஜராத் செய்து காட்டிவிட்டது. நாம?

19. எனவே நான் கேட்பது நாலு விஷயம்.
அ) 2025 ஜூலை விலக்கை ரத்து செய்யணும். நுரையீரலுக்கு ஏ, பி, சி பிரிவு கிடையாது.
ஆ) மெரிட் ஆர்டரில் புகைக்கு விலை சேர்க்கணும். கருவி போடாத நிலையம் பின்னுக்குப் போகணும்.
இ) ஒவ்வொரு சிம்னியிலும் உள்ள ஆன்லைன் மானியின் அளவுகளைத் தமிழில், மக்கள் பார்க்கும் இடத்தில் தினமும் போடணும்.
ஈ) தென் மாநிலங்கள் ஏற்கனவே பெங்களூரு லோட் டெஸ்பாட்ச் சென்டர் வழியாக ஒரே மண்டலமாகத்தான் கரண்டைப் பகிர்கின்றன. அதே மண்டலத்துக்கு ஒரு புகை உச்சவரம்பும் வேணும்.

20. வாரியத்தைப் பிரிங்க, சேருங்க, அது உங்க கொள்கை. நான் அதற்குள் வரவில்லை. ஆனால் "மலிவு மின்சாரம்" என்று சொல்லும்போது முழு ரசீதையும் காட்டுங்க. பாதி ரசீதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மலிவு என்று சொன்னால் அது ஏமாற்று.

21. கட்டண மனுக்கள் மீது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்பு நடத்தும்போது கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசாதீங்க. எழுத்திலும் அனுப்பலாம், ஒரு பக்கம் போதும். ஓட்டு கேட்டு வருபவரிடம் எத்தனை யூனிட் ஃப்ரீ என்று கேட்கிறோம் இல்லையா, அதோடு இதையும் கேளுங்க: "எங்க ஊர் சிம்னியில கருவி எப்போ ஓடும்?" தேதி சொல்லச் சொல்லுங்க. வாய்தா வேண்டாம்.