மூன்று மாதக் குடித்தனம், ஓராண்டு இணைப்பு: குறுகிய கால வாடகைதாரருக்கு எட்டாத வீட்டு இணையம்

புதுடெல்லி: புதிய வேலையின் பயிற்சிக் காலத்துக்காகப் பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ மூன்று மாதத்துக்கு வீடு எடுப்பவருக்கு, குடியேறிய அன்றே விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. இணையம் மட்டும் வருவதில்லை. அதற்கு விண்ணப்பித்தால் வாடகை ஒப்பந்தத்தின் நகல், வீட்டு உரிமையாளரின் சம்மதம், ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கான முன்பணம் என்று வரிசையாகக் கேட்கப்படுகின்றன. எல்லாம் கூடிவரும் முன் குடியிருக்கும் காலத்தின் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது.

வீட்டிலிருந்தே அலுவலகப் பணி, இணையவழி வகுப்பு, காணொலி வழி மருத்துவ ஆலோசனை ஆகியவை அன்றாடமாகிவிட்ட நிலையில் இதனைச் சிறு அசௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. இணைப்பு இல்லாத ஒரு வாரம் பலருக்குச் சம்பளத்தையோ தேர்வையோ பாதிக்கும் வாரம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி, 2025 தொடக்கத்தில் நாட்டில் பிராட்பேண்ட் இணைப்புகள் 90 கோடிக்கும் அதிகம். அவற்றில் கம்பிவழி இணைப்புகள் நான்கு கோடியைச் சற்றே தாண்டியவை. அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இந்தியாவின் இணையம் கைபேசியில்தான் வாழ்கிறது. வீட்டு இணையம் என்பது ஓரிடத்தில் நிலைத்துத் தங்குவோருக்கான வசதியாகவே இன்னும் இருக்கிறது.

*11 மாத வழக்கமும் அதற்குள் அடங்காதவர்களும்*

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தங்கள் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவுச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே 11 மாத ஒப்பந்தம் நாடெங்கும் வழக்கமாயிற்று. நிறுவனங்களின் ஆறு மாத, ஓராண்டுத் திட்டங்கள் இந்த 11 மாதக் குடித்தனத்துக்கு ஓரளவு பொருந்துகின்றன.

ஆனால், அதற்கும் குறைந்த காலம் தங்குவோரின் எண்ணிக்கை சிறிதன்று. டெல்லி ராஜேந்திர நகரில் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள், கோட்டாவில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி பெறுவோர், திட்டப்பணிக்காகப் புணேக்கும் குருகிராமுக்கும் அனுப்பப்படும் ஊழியர்கள், சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வேலூருக்கு வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் எனப் பல தரப்பினர் இதில் அடங்குவர். இவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட வீட்டு இணையத் திட்டங்கள் அரிது.

*நிறுவனத்தின் கணக்கும் வாடகைதாரரின் கணக்கும்*

நிறுவனங்களின் தயக்கத்துக்கும் காரணம் உண்டு. தெருவில் உள்ள பகிர்வுப் பெட்டியிலிருந்து வீட்டுக்குள் கண்ணாடி இழையை இழுக்க வேண்டும். மோடமும் ரூட்டரும் தர வேண்டும். தொழில்நுட்பப் பணியாளரை அனுப்ப வேண்டும். இச்செலவு மாதக் கட்டணத்திலிருந்து சிறிது சிறிதாகத்தான் திரும்பி வரும். மூன்றே மாதத்தில் வாடிக்கையாளர் விலகினால் போட்ட முதல் திரும்பாது. சாதனத்தை ஒப்படைக்காமலே வீட்டைக் காலி செய்வோரும் உண்டு.

எனவே முன்பணமும் வைப்புத்தொகையும் கேட்கப்படுகின்றன. கம்பியின்றி 5ஜி அலைவரிசை வழியே வீட்டுக்கு இணையம் தரும் சேவைகள் 2023-இல் வந்தபோதும் இந்த முறை மாறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏர்டெல் தனது ஏர்ஃபைபர் சேவையை டெல்லியிலும் மும்பையிலும் அறிமுகப்படுத்தியது. அப்போது மாதக் கட்டணம் ரூ.799 என்றாலும் ஆறு மாதத் தொகையை முன்னதாகச் செலுத்த வேண்டியிருந்தது. அத்துடன் திரும்பப் பெறத்தக்க வைப்புத்தொகையாக ரூ.2,500 கேட்கப்பட்டது. செப்டம்பரில் ஜியோ எட்டு நகரங்களில் இதே வகைச் சேவையைத் தொடங்கியபோது நிறுவல் கட்டணம் ரூ.1,000 என்றும், ஓராண்டுத் திட்டம் எடுப்போருக்கு அது கிடையாது என்றும் அறிவித்தது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். மாதக் கட்டணம் ரூ.600, நிறுவல் கட்டணம் ரூ.1,000, இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். நிறுவல் கட்டணம் தள்ளுபடியாகும் ஓராண்டு வாடிக்கையாளருக்கு மாதச் செலவு ரூ.708. மூன்று மாதம் மட்டும் இருப்பவர் செலுத்துவது மொத்தம் ரூ.3,304, மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.1,100. அதே வேகம், அதே சேவை. விலையோ ஒன்றரை மடங்குக்கும் மேல். குறைந்தபட்சம் ஆறு மாதம் எடுத்தாக வேண்டும் என்றால், பயன்படுத்தாத மூன்று மாதங்களுக்கும் அவரே பணம் கட்டுகிறார்.

*கதவைத் திறக்க வேண்டியவர்கள்*

பணம் இருந்தாலும் போதாது. சுவரில் துளையிடவும் மொட்டை மாடியில் கருவி பொருத்தவும் உரிமையாளர் இசைய வேண்டும். மூன்று மாதத்தில் போகிறவருக்காகச் சுவரைத் துளைக்க பலர் விரும்புவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மற்றொரு தடையும் உண்டு. சங்கமோ கட்டுமான நிறுவனமோ ஒரே ஒரு சேவை நிறுவனத்தை மட்டும் உள்ளே அனுமதித்திருந்தால், அந்நிறுவனத்தின் நிபந்தனையே குடியிருப்போரின் நிபந்தனை ஆகிவிடும். கட்டடங்களுக்குள் இத்தகைய தனியுரிமை ஏற்பாடுகள் கூடாது, உள்கட்டமைப்பை நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று டிராய் 2017 ஜனவரியிலேயே பரிந்துரைத்தது.

'என் வைஃபையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று சொல்ல உரிமையாளர்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புகளையொட்டி ஊடகங்களுக்கு அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பைக் குடியிருப்பு ஒன்றின் பாதுகாப்பற்ற வைஃபை இணைப்பு வழியே சென்றது என்று விசாரணையில் தெரியவந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் காவல்துறை முதலில் வரும். மாதந்தோறும் மாறும் குடித்தனக்காரரிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பவர் இதனை எண்ணிப் பார்க்கவே செய்வார்.

*சட்டம் எதுவரை வருகிறது?*

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைக் குடியிருப்புச் சட்டம், உரிமையாளர் நிறுத்திவைக்கக் கூடாத அத்தியாவசிய சேவைகளைப் பட்டியலிடுகிறது. தண்ணீர், மின்சாரம், குழாய்வழி எரிவாயு ஆகியவற்றோடு தகவல் தொடர்பு இணைப்புகளும் அதில் இடம்பெற்றுள்ளன. வாடகைத் தகராறில் இணையத்தைத் துண்டிப்பது தண்ணீரைத் துண்டிப்பதற்கு நிகரான செயல் என்பதே இதன் பொருள்.

ஆயினும் மூன்று வரம்புகள் உள்ளன. முதலாவதாக, வாடகைச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநிலம் தன் சட்டமாக இயற்றாதவரை மாதிரிச் சட்டம் ஒரு மாதிரியே. இரண்டாவதாக, விடுதிகளும் தங்கும் இல்லங்களும் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. குறுகிய காலத் தங்கலில் கணிசமானது அங்கேதான் நடைபெறுகிறது. மூன்றாவதாக, இருக்கும் இணைப்பை நிறுத்தக் கூடாது என்கிறதே தவிர, இல்லாத இணைப்பைப் பெற வழிவிட வேண்டும் என்று அப்பட்டியல் கூறவில்லை.

தொலைத்தொடர்புத் துறையின் பக்கம் சில முன்னேற்றங்கள் தெரிகின்றன. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத் தர விதிமுறைகள், கம்பிவழிச் சேவையை முடித்துக்கொண்டவரின் வைப்புத்தொகையை 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கின்றன. அதே மாதம் அறிவிக்கப்பட்ட மற்றொரு விதிமுறை, கட்டடங்களின் இணையத் தொடர்பு வசதியை நட்சத்திரக் குறியீட்டால் மதிப்பிட வழிசெய்கிறது. வீடு பார்க்கும்போதே இணைப்பின் தரத்தை அறிய இது உதவக்கூடும். ஆனால் ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ எந்த நிபந்தனையில் இணைப்புத் தர வேண்டும் என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

*இப்போது கைக்கெட்டும் வழிகள்*

முதல் வழி கைபேசி இணையத்தைக் கணினியுடன் பகிர்ந்துகொள்வது. இரண்டொரு வாரத் தங்கலுக்கு இதுவே போதுமானது. ஆனால் நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி என்ற வரம்புள்ள திட்டத்தில், சில மணி நேரக் காணொலிக் கூட்டங்களிலேயே அன்றைய அளவு தீர்ந்துவிடலாம்.

இரண்டாவது வழி உள்ளூர்ச் சேவையாளர்கள். மாவட்ட அளவிலும் சிறு பகுதி அளவிலும் உரிமம் பெற்ற இணைய நிறுவனங்கள் பல நகரங்களில் இயங்குகின்றன. வீட்டில் முந்தைய குடித்தனக்காரரின் கம்பி எஞ்சியிருந்தால், அதை மீண்டும் இயக்கி மாதக் கட்டணத்தில் இணைப்புத் தருமாறு இவர்களிடம் பேச இடமுண்டு. அந்தக் கம்பி எந்த நிறுவனத்துடையது என்று வீடு பார்க்கும் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது வழி உரிமையாளர் பெயரில் இணைப்பு, பயன்படுத்துபவர் கட்டணம் என்ற ஏற்பாடு. கட்டணம், வேகம், பழுதானால் புகார் செய்ய வேண்டியவர் யார் என்பவை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பலர் தங்கும் விடுதிகளை நடத்துவோருக்கு, அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் ஏற்றது. இதில் வைஃபை வழங்கும் நிலையத்துக்குத் தனி உரிமமோ பதிவோ தேவையில்லை. பயனர்களை அடையாளம் காணும் பொறுப்பும் உரிமையாளர் தலையில் விழுவதில்லை. இத்தகைய நிலையங்களிடம், 200 மெகாபிட் வரையிலான இணைப்புகளுக்குச் சில்லறைக் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று டிராய் 2025 ஜூனில் உச்சவரம்பும் விதித்துள்ளது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வெளியேறும் நாளில் சில ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்: இணைப்பை முடிக்கக் கோரியதற்கான எண், சாதனத்தை ஒப்படைத்ததற்கான ரசீது, வைப்புத்தொகை செலுத்திய சான்று. பணம் திரும்பாவிட்டால் முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அடுத்து அதன் மேல்முறையீட்டு அமைப்பு, அதன்பின் நுகர்வோர் ஆணையம் என்பதே வரிசை. தொலைத்தொடர்புச் சேவை குறித்த புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியுள்ளது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

*மீட்டர் கற்றுத்தரும் பாடம்*

மின்சார மீட்டர் வீட்டுக்கு உரியது. குடியிருப்பவர் மாறலாம், மீட்டர் மாறுவதில்லை. வந்தவர் தம் காலத்துக்கு ஓடிய அளவுக்குக் கட்டிவிட்டுப் போகிறார். இணைய இணைப்போ ஆளுக்கு உரியதாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் காலி செய்தால் சுவரில் அவர் விட்டுச்சென்ற கம்பி உயிரற்றுக் கிடக்கிறது. அடுத்து வருபவருக்காக மற்றொரு நிறுவனம் மற்றொரு துளை போடுகிறது. ஒரே சுவருக்கு இருமுறை ஆகும் அந்தச் செலவுதான் முன்பணமாகவும் வைப்புத்தொகையாகவும் வாடகைதாரர் மீது இறங்குகிறது.

கம்பியும் முனைப் பெட்டியும் வீட்டோடு நிலைத்திருந்து, கணக்கு மட்டும் பெயர் மாறும் முறை வந்தால் குறுகிய கால இணைப்பு நிறுவனத்துக்கும் நட்டமாகாது. அதற்கு, கட்டடத்துக்குள் உள்ள கம்பியை எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்ற 2017-ஆம் ஆண்டுப் பரிந்துரை நடைமுறையாக வேண்டும். தகவல் தொடர்பு இணைப்பை அத்தியாவசிய சேவையாக மாநிலங்கள் தத்தம் வாடகைச் சட்டங்களில் எழுத வேண்டும். நிறுவல் செலவைத் தனியே காட்டி, மாதக் கட்டணத்தை மாதந்தோறும் பெறும் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும்.

வேலைக்கும் படிப்புக்கும் சிகிச்சைக்கும் ஊர்விட்டு ஊர் செல்வது பெருகிவரும் நாட்டில், மூன்று மாதம் தங்குபவரும் முழு வாடிக்கையாளரே. அவருக்கு முதல் நாளிலேயே விளக்கு எரிவதுபோல் இணையமும் கிடைப்பதற்குத் தொழில்நுட்பம் தடையாக இல்லை; மாற வேண்டியவை விதிகளும் ஒப்பந்தங்களுமே.