காலியான மணல்திட்டு ஏன் காலியாக இருக்கிறது?

கோடை விடுமுறை நெருங்கும்போது பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு திட்டம் தலைதூக்குகிறது. நான்கைந்து பேர், இரண்டு துடுப்புப் படகுகள், ஒரு கூடாரம், ஆற்றங்கரையில் ஒரே ஓர் இரவு. மலைவாசத்தலங்களின் நெரிசல் வேண்டாம், ஆளில்லாத ஒரு மணல்திட்டு போதும். கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தை விரித்தால் கங்கையிலும் சம்பலிலும் பியாஸிலும் அத்தகைய திட்டுகள் வெண்மையாகத் தெரிகின்றன. சாலையிலிருந்து விலகியவை, பெயரில்லாதவை, எவரும் படமெடுத்துப் பதிவிடாதவை. இடம் கிடைத்துவிட்டது, இனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பெரும்பாலோர் அத்தோடு ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்கின்றனர்.

ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடமே அதுதான். இவ்வளவு மக்கள் நெருங்கி வாழும் நாட்டில், நீரை ஒட்டிய சமதரை ஒன்று கோடைக்காலத்தில் வெறுமையாகக் கிடக்கிறது என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இராது. உள்ளூரார் அழகுணர்ச்சி இல்லாமல் அதை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவது நகரத்துப் பேதைமை.

முதற்காரணம் நீரே. இமயத்தில் பிறக்கும் ஆறுகளுக்குக் கோடை வறட்சிக் காலமன்று. பனி உருகும் காலம். உச்சிவெயிலில் மேலே உருகிய நீர் கீழ்ப்பகுதிகளுக்கு வந்து சேர மாலையோ இரவோ ஆகிறது. நண்பகலில் கூடாரமடிக்கத் தோதாகத் தெரிந்த மணல் நள்ளிரவில் ஆற்றுக்குள் போய்விடலாம். இதன்மேல் அணைகள் வேறு. தேவப்பிரயாகைக்கு மேலே பாகீரதியில் தேஹ்ரி அணை, அலக்நந்தாவில் ஸ்ரீநகர் மின்திட்டம். மின்தேவை கூடும் வேளையில் சுழலிகள் இயங்க, வானில் ஒரு மேகமும் இல்லாதபோதே ஆற்றின் மட்டம் உயரும். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், பியாஸ் ஆற்றுக்குள் இறங்கியிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர் 24 பேரையும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரையும் அடித்துச் சென்றது. கல்விச் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் அவர்கள். படமெடுக்க நல்ல இடம் என்றே பாறைகளின் மேல் நின்றிருந்தார்கள். அந்தப் பாறைகள் அன்று காலியாக இருந்ததன் பொருளை அவர்களுக்குச் சொல்ல அங்கே எவருமில்லை. இதைப் படிக்கும் ஆசிரியர்களில் பலர் மாணவர் பயணங்களுக்குக் கையொப்பமிடும் பொறுப்பில் இருப்பவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பலில் காரணம் வேறு. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் தேசிய சம்பல் சரணாலயம் உலகில் எஞ்சியிருக்கும் கரியால் முதலைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் இருப்பிடம். அவை மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் மணல்திட்டில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. மே இறுதியிலிருந்து ஜூன் வரை குஞ்சுகள் வெளிவருகின்றன. அதே மணலில்தான் செந்தலை ஆமை முட்டையிடுகிறது. நீரைக் கிழித்தபடி பறந்து மீன்பிடிக்கும் ஆற்றுப் பறவையான இந்திய ஸ்கிம்மர், ஆற்றின் நடுத்திட்டுகளில் வெறும் மணலைச் சற்றே குழித்து முட்டை வைக்கிறது. மணலோடு மணலாக நிறம் கலந்த முட்டை. மேலே மிதிக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. நீர் வற்றித் திட்டு கரையோடு சேர்ந்துவிட்டால் நாயும் நரியும் வந்துவிடுகின்றன. அந்தத் தொல்லைகளோடு கூடாரமும் அடுப்புத் தீயும் சேர வேண்டுமா? அனுமதியின்றி உள்ளே நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். சட்டமே இல்லையென்றாலும், ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த மணலை ஆளில்லாத இடம் என்று அழைப்பது பிழை. அது பிரசவ அறை.

கங்கையிலும் யமுனையிலும் இன்னொரு காட்சி. வெள்ளம் வடிந்த மணலில் குழி வெட்டி, எரு இட்டு, தர்ப்பூசணியும் முலாம்பழமும் வெள்ளரியும் விளைவிக்கும் நிலமற்ற குடும்பங்கள் கோடை முழுவதும் அங்கேயே கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்குகின்றன. அடுத்த வெள்ளம் வந்தால் எல்லாம் போய்விடும். செயற்கைக்கோள் படத்தில் அந்தக் கொட்டகைகள் தெரிவதில்லை.

ஆகவே நெரிசலின்மை வேறு, ஆளின்மை வேறு. பயணத் திட்டமிடுவோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் யாரும் அறியாத இடம் தேடும் பந்தயம் தொடங்குகிறது. இரண்டு கோடைகள் கழித்துப் பார்த்தால் அந்த யாரும் அறியாத இடத்தில் தேநீர்க்கடையும் ஒலிபெருக்கியும் வந்திருக்கும். பந்தயம் அடுத்த திட்டுக்கு நகரும்.

நெரிசலின்மையை வேறு வழியிலும் பெறலாம் என்பதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ஒரு சான்று உண்டு. பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் அந்த ஏரிக்காடு பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. ஆயிரத்துக்கும் மேலான ஏரிகள் கொண்டது. கேனோ எனப்படும் ஒல்லியான துடுப்புப் படகில் ஓர் ஏரியைக் கடந்து, படகைத் தோளில் சுமந்து நடந்து, அடுத்த ஏரியில் இறக்கிச் செல்வதே அங்கே வழக்கம். அது யாரும் அறியாத இடமே அன்று. அந்நாட்டில் மிக அதிகமானோர் நாடும் காட்டுப்பகுதிகளுள் ஒன்று. ஆனாலும் ஓர் இரவை அமைதியாகக் கழிக்க முடிகிறது. காரணம் வெளிப்படையான எண்கள். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஒரு நாளைக்கு இத்தனை குழுக்கள்தாம் இரவுத் தங்கலுக்குச் செல்லலாம் என்று வரம்பு உண்டு. ஒரு குழுவில் 9 பேர், 4 படகுகளுக்கு மேல் கூடாது. தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் எடுத்துச் செல்லக் கூடாது. தங்குவதற்கென இரும்பு அடுப்புச் சட்டமும் எளிய கழிப்பிடமும் கொண்ட இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் எந்த இடம் எவருக்கு என்று ஒதுக்கீடு இல்லை. எந்த நாள், எந்த வாயில் என்பதை மட்டுமே அனுமதிச்சீட்டு சொல்கிறது. கட்டணம் ஆளுக்கு, பயணத்துக்கு ஒருமுறை. எத்தனை இரவு தங்கினாலும் அதே தொகைதான்.

இந்த அமைதி இயற்கையாகக் கிடைத்ததன்று. 1948இல் ஒரு சட்டம் இயற்றி உள்ளேயிருந்த தங்குவிடுதிகளை அரசு விலைகொடுத்து வாங்கத் தொடங்கியது. 1949இல் தாழப் பறக்கும் விமானங்களுக்குத் தடை வந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான ஏரிகளிலிருந்து விசைப்படகுகளை வெளியேற்றியது. ஒவ்வொரு படியிலும் வழக்கும் உள்ளூர்க் கசப்பும் இருந்தன. மனிதக் கைபடாத காடு என்ற வருணனையும் முழு உண்மையன்று. அது ஓஜிப்வே மக்களின் நிலம். 1854 உடன்படிக்கையில் நிலத்தைக் கையளித்தபோதும் வேட்டை, மீன்பிடி உரிமைகளை அவர்கள் வைத்துக்கொண்டனர். இன்று விடுமுறைக்காரர்கள் செலுத்தும் கேனோவின் வடிவமே பூர்வகுடிகளின் மரப்பட்டைப் படகிலிருந்து வந்தது. இந்தக் குறைகளோடும் ஒன்று தெளிவு: அங்கே வரம்பு என்பது எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது, எவரும் படித்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் வரம்பு பெரும்பாலும் இரண்டு உருவங்களில் வருகிறது. ஒன்று தடை. ரிஷிகேஷுக்கு மேலே கங்கைக் கரையில் ஆண்டுக்கணக்காக முகாம்கள் பெருக விடப்பட்டன. பிறகு 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை முகாம்களுக்குத் தடை விதித்தது. மற்றொன்று விலை. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, கலிபோரே போன்ற அரசு நிறுவன முகாம்கள் அமைதியாகவே இருக்கின்றன, பரிசலும் உண்டு. ஆனால் அங்கே ஓர் இரவுக்கான தொகை உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவருக்கு எளிதில் எட்டுவதன்று. கட்டுப்பாடற்ற பெருக்கம், முழுத்தடை, பணமுள்ளோர்க்கு மட்டும் அமைதி என்ற மூன்றுக்கும் இடையே, எண்ணால் வரையறுத்த மலிவான அனுமதி என்ற நான்காவது வழி இங்கே ஏன் அரிதாக இருக்கிறது என்பது சுற்றுலாத் துறைகள் விடை சொல்ல வேண்டிய கேள்வி.

அதுவரை ஒரு சிறு குழு செய்யக்கூடியது உண்டு. இடத்தைத் தேடுவதை விட்டு நாளைத் தேடலாம்: அறிந்த இடம், வாரநடுவே இரண்டு நாள், நான்கு பேருக்கு மேல் இல்லை. தொலைவையும் குறைக்கலாம். ஓர் இரவுப் பயணத்தில் முப்பது கிலோமீட்டர் துடுப்பு வலிப்பவர்கள் இளைப்பாற வந்தவர்கள் அல்லர். விடியலில் இறங்கி, வெயில் ஏறுமுன் ஏழெட்டுக் கிலோமீட்டர் கடந்து கரையேறிவிட்டால் நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் மரநிழலுக்கே. இரவுத் தங்கலை மணலிலிருந்து மேட்டுக்கு, இயன்றால் ஊரை ஒட்டிய தோப்புக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கோடையிரவில் கட்டிலை வெளியே போட்டுப் படுத்திருக்கும் நாலு பேர் அருகில் இருப்பது நெரிசலாகாது. நீர் ஏறினால் முதலில் குரல் கொடுப்பவர்கள் அவர்களே.

புறப்படுமுன் உள்ளூர்ப் படகோட்டி ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். மேலே எந்த அணை, எப்போது திறக்கிறார்கள்? இந்தப் பருவத்தில் இந்த மணலில் எது முட்டையிடுகிறது? இங்கே யார் பயிர் வைத்திருக்கிறார்கள்? மூன்றுக்கும் அவரிடம் விடை இருக்கும். அணை நிர்வாகத்திடமும் வனத்துறையிடமும் வருவாய்த் துறையிடமும் இதே விடைகள் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கின்றன. ஓர் ஆற்றின் ஐம்பது கிலோமீட்டருக்கு அவற்றை ஒரே வரைபடத்தில், மாதவாரியாகத் தொகுக்க ஒரு முதுகலை மாணவருக்கு ஒரு பருவம் போதும். அதை நெறிப்படுத்த நீரியல், விலங்கியல், சமூகவியல் துறைகள் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரே வளாகத்துக்குள்தான் இருக்கின்றன.