'அதாவது' போன இடம்

'சென்னை வானொலி நிலையம். மத்திய அலை 416.7 மீட்டர், அதாவது 720 கிலோஹெர்ட்ஸ்...' இதைக் கேட்டுக்கொண்டே பல் தேய்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அர்த்தம் தெரியாமலே ஒப்பிப்பார்கள். அதில் எனக்குப் பிடித்த வார்த்தை அந்த 'அதாவது'.

ஒரே விலாசத்தை ஏன் ரெண்டு தடவை சொல்லணும்? பல பழைய வால்வு ரேடியோக்களின் டயலில் மீட்டர் கணக்கு. பின்னால் வந்த டிரான்சிஸ்டர்களில் கிலோஹெர்ட்ஸ். ரெண்டு வீட்டுக்கும் புரியட்டுமே என்கிற மரியாதைதான் அது. கணக்கு, பி.காம். படித்தவனுக்கே வருகிற கணக்கு. மூன்று லட்சத்தை 720-ஆல் வகுத்தால் 416.7. மூன்று லட்சம் என்பது ரேடியோ அலை ஒரு விநாடியில் ஓடும் கிலோமீட்டர்.

இன்னொரு வேடிக்கை. சென்னை 720, திருச்சி 936, சென்னை விவித் பாரதி 783. இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 18 வந்தால் அதையும் கூட்டுங்கள். எல்லாமே ஒன்பது! நியூமராலஜிக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். 1978-லிருந்து நம் பக்கத்து மத்திய அலை நிலையங்களுக்கு ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸாக மனை பிரித்துக் கொடுத்தார்கள். வெறும் ஒன்பதாம் வாய்ப்பாடு, அவ்வளவுதான்.

எஃப்.எம். வந்தது. மீட்டர் போச்சு, கூடவே 'அதாவது'வும் போச்சு. 'நைன்ட்டி எய்ட் பாயின்ட் த்ரீ' என்பது மிர்ச்சிக்கு இனிஷியல் மாதிரி ஆகிவிட்டது. செல்போன் ஆப்பில் கேட்பவருக்கு அந்த எண்கூட வேண்டாம். பெயரைத் தட்டினால் பாட்டு வரும். சௌகரியம்தான்.

ஆனால், 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது பல கிராமங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் செல்போனுக்கு சார்ஜ் ஏது? டவரும் படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த மாதிரி ராத்திரியில் துணைக்கு வருவது ரெண்டு பேட்டரி போட்ட சின்ன ரேடியோதான். அதுவும், முள்ளை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால்!

ஆகவே அறிவிப்பாளர்களே, ரெண்டு விளம்பரத்துக்கு நடுவில் ஒரு தடவையாவது நிதானமாகத் தமிழில் 'தொண்ணூற்றெட்டு புள்ளி மூன்று' என்று சொல்லுங்கள். பாட்டிகளுக்கும் புரியும்.

நேயர்களே, உங்கள் ஊர் நிலையத்தின் எண்ணை ரேடியோவின் முதுகிலேயே எழுதி ஒட்டி வையுங்கள். ரேடியோ எங்கே என்கிறீர்களா? பரணில் இருக்கும். அதாவது, பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இருந்தால்.