ரிப்பன் கட்டிய பயறுச் செடி

“டீச்சர், நான் என்ன செஞ்சிருந்தா இன்னும் புள்ளி கிடைச்சிருக்கும்?”

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று என்னிடம் பதில் இல்லை.

அது ஓர் அறிவியல் செயல்திட்டம். இரண்டு குவளைகளில் பச்சைப்பயறு போட்டு, ஒன்றைச் சன்னல் ஓரத்திலும் மற்றொன்றை இருட்டு அலமாரியிலும் வைத்து, ஒரு வாரம் கவனித்து எழுதி வரவேண்டும். ஒரு மாணவன் பெரிய மணிலா அட்டையில் வண்ணப் படங்கள் ஒட்டி, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தான். 20க்கு 18 போட்டேன். இந்தச் சிறுமி பழைய பயிற்சிப் புத்தகத்தின் தாள்களைப் பிரித்து எழுதியிருந்தாள். 11 போட்டேன்.

அவள் கேட்ட பிறகுதான் இரண்டையும் உட்கார்ந்து படித்தேன். அட்டையில் “வெளிச்சம் இல்லாததால் செடி வளரவில்லை” என்று அழகாக அச்சிட்டிருந்தது. சிறுமியோ தினமும் அடிக்கோலால் அளந்து, “இருட்டில் இருந்த செடிதான் உயரம். ஆனால் வெளுத்துப்போய், தண்டு மெலிந்து சாய்ந்துவிட்டது” என்று எழுதியிருந்தாள். உண்மையும் அதுதான். இருட்டில் முளைக்கும் பயறு வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென நீளும். பச்சையம் இல்லாமல் வெளுத்துப்போகும். உள்ளதை உள்ளபடி கண்டவளுக்குக் குறைத்துப் போட்டு, ரிப்பனுக்கு அள்ளிக் கொடுத்திருந்தேன்.

அவளுடைய புள்ளியைத் திருத்தினேன். ஆனால் தவறு என்னுடையது என்று வகுப்பின் முன் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

நம் நாட்டில் 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்ட பின், வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு கூடியிருக்கிறது. பிள்ளையின் அடைவுநிலையை 1 முதல் 6 வரை ஆசிரியரே முடிவு செய்கிறார். அந்த முடிவு எதைப் பார்த்து எடுக்கப்படுகிறது என்பது பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? அதற்கு உதவுவதுதான் ‘ரூப்ரிக்’. எவற்றைப் பார்க்கப் போகிறோம், ஒவ்வொன்றிலும் எந்த நிலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் அட்டவணை அது.

மறு ஆண்டு அதே பயறுச் செயல்திட்டத்துக்கு நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். முதல் முயற்சி தோல்வி. ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று கட்டங்களை நிரப்பியிருந்தேன். அது பழைய புள்ளிக்கே புதுச்சட்டை போட்டது போல. ‘சுமார்’ என்று படிக்கும் பிள்ளைக்கு, அடுத்து என்ன செய்வதென்று எப்படித் தெரியும்?

பிறகு பிள்ளைகளையே கேட்டேன். நானே எழுதிய இரண்டு மாதிரிப் படைப்புகளை வெண்பலகையில் ஒட்டி, “எது சிறந்தது? ஏன்?” என்றேன். முதலில் “அது அழகா இருக்கு டீச்சர்” என்றார்கள். சற்று நேரம் கழித்து ஒருவன், “இதைப் படிச்சா ஒவ்வொரு நாளும் என்ன நடந்துச்சுன்னு தெரியுது” என்றான். அங்கிருந்துதான் எங்கள் அட்டவணை பிறந்தது.

உற்றறிதல் பதிவுக்கு நான்கு நிலைகள் வைத்தோம். முடிவு மட்டும் இருந்தால் 1. சில நாள்களின் பதிவு இருந்தால் 2. எல்லா நாளும் அளந்து எழுதியிருந்தால் 3. அத்துடன் கண்ட மாற்றத்துக்குக் காரணமும் சொன்னால் 4. இப்படியே விளக்கத்துக்கு ஒரு வரிசை, தெளிவாக எழுதுவதற்கு ஒரு வரிசை. அலங்காரத்துக்குத் தனிப் புள்ளி இல்லை. மூன்றே வரிசைகள். பத்து வரிசை வைத்தால் பிள்ளையும் படிக்காது, திருத்தும் ஆசிரியருக்கும் பொறுமை இருக்காது. வேலையைக் கொடுத்த அன்றே அட்டவணையையும் கையில் கொடுத்தேன். முடிந்த பிறகு காட்டினால் அது தீர்ப்பு. முன்னே காட்டினால்தான் வழிகாட்டி.

அந்த வாரக் கடைசியில் ஒரு பையன் தாளோடு வந்தான். “டீச்சர், நான் ரெண்டாவது நிலைதான். புதன்கிழமை அளக்க மறந்துட்டேன்.” யாரும் கேட்காமலே சொன்னான். புதன்கிழமைக்கு ஏதோ ஓர் எண்ணை எழுதிவிட்டு வந்திருக்கலாம். அந்த நேர்மைக்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில் என் கைப்பட இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அட்டவணைக்குள் அடங்காதவை எப்போதும் இருக்கும்; அவற்றுக்கு ஆசிரியரின் கண் வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை அடுத்த செயல்திட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, உடனே மணிலா அட்டை வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். “ஆசிரியர் இதில் எதைப் பார்க்கப் போகிறார்?” என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். தெரியாது என்றால், மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச்சொல்லுங்கள். அந்தக் கேள்வியை மரியாதைக் குறைவாக நாங்கள் நினைக்க மாட்டோம். என்னிடம் ஒரு சிறுமி அதைக் கேட்டது புள்ளி போட்ட பிறகு. முன்னமே கேட்டிருந்தால் எங்கள் இருவருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.