ஸ்பானிஷ் ஸ்டைல் கிரில் வேணுமா? பட்டறைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

வீடு கட்டுகிறவர்களின் மொபைலைத் திறந்தால், ஒரே மாதிரியான போட்டோக்கள்தான். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வளைந்த வாசல், கறுப்புக் கம்பி ஜன்னல். அதைத் தர்மபுரியிலோ பாலக்கோட்டிலோ உள்ள வெல்டிங் பட்டறையில் நீட்டி, "அண்ணே, இதே மாதிரி செஞ்சு கொடுங்க" என்கிறோம். அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும் போட்டோவையே டெலிட் செய்யத் தோன்றுகிறது. பொறுங்கள், குறைந்த செலவிலேயே அந்த அழகைக் கொண்டுவரலாம்.

அசல் ஸ்பானிஷ் எப்படி இருக்கும்?

ஸ்பெயினில் ஜன்னல் கிரில்லுக்கு 'ரேஹா' என்று பெயர். செவில், கோர்டோபா நகரங்களின் பழைய வீடுகளில் இவற்றைப் பார்க்கலாம். பெரும்பாலும் நேராக நிற்கும் கம்பிகள்தான். நடுவில் ஒன்றிரண்டு முறுக்கு, மேலே சின்னதாக ஒரு வளைவு, அவ்வளவே. அமெரிக்காவின் சாண்டா பார்பரா நகரம் 1925 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஸ்பானிஷ் பாணியில் எழுந்தபோது, இந்த எளிமைதான் அங்கும் போனது. கிரில் முழுக்கக் கொடியும் பூவுமாக நிரப்புவது பிறகு வந்த பழக்கம். செலவை ஏற்றுவதும் அதுதான்.

'ராட் அயர்ன்' என்ற பெயருக்கு ஏமாறாதீர்கள்

பழைய காலத்து ராட் அயர்ன் இன்று வணிக அளவில் தயாராவதில்லை. பிரிட்டனில்கூட 1970-களோடு அந்த உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது கிரில்லுக்கு வருவது எம்.எஸ். எனப்படும் மைல்டு ஸ்டீல். பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால், "இது எம்.எஸ். தானேண்ணே?" என்று கேட்டுவிடுங்கள்.

இரும்பு நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில், கி.மு. 2172 காலத்திலேயே இரும்பு புழங்கியது என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. இந்த வேலைக்காக பெங்களூரு வரை ஓட வேண்டியதில்லை.

எடையில்தான் இருக்கிறது விலை

சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசினால், எவ்வளவு இரும்பு போடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. கம்பியின் அளவையும் மொத்த எடையையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு மீட்டர் சதுரக் கம்பியின் எடை இது:

• 10 மி.மீ. – 785 கிராம்
• 12 மி.மீ. – 1 கிலோ 130 கிராம்
• 16 மி.மீ. – 2 கிலோ

4 அடிக்கு 4 அடி ஜன்னலை எடுத்துக்கொள்வோம். 4 அங்குலத்துக்கு ஒன்றாக 11 கம்பிகள், சுற்றிலும் குறுக்கே ஒன்றுமாக 25-க்கு 5 மி.மீ. பட்டை. கம்பி 10 மி.மீ. என்றால் மொத்தம் சுமார் 16.5 கிலோ. 12 மி.மீ. என்றால் சுமார் 21 கிலோ. ஒரே டிசைன், ஜன்னலுக்கு நாலரை கிலோ வித்தியாசம். பத்து ஜன்னலுக்குப் பெருக்கிப் பாருங்கள்! தரைத்தளத்துக்கும் தெரு பார்த்த ஜன்னலுக்கும் 12 மி.மீ. போட்டு, மாடிக்கு 10 மி.மீ. போடலாம்.

அழகுக்குச் செலவைக் குறைக்க...

• முறுக்குக் கம்பி மலிவு. 10 மி.மீ. சதுரக் கம்பியைச் சூடாக்காமலே முறுக்கலாம். மூன்று கம்பிக்கு ஒன்று முறுக்கினாலே ஜன்னலின் முகம் மாறிவிடும்.

• 'எஸ்', 'சி' வளைவுகளுக்குக் கூலி அதிகம். வீடு முழுக்க ஒரே வளைவைத் தேர்ந்தெடுங்கள். ஒரே அச்சில் எல்லாவற்றையும் வளைத்துவிடுவார்கள். ஜன்னலுக்கு ஒரு வளைவு என்றால் அச்சும் மாறும், கூலியும் ஏறும்.

• அலங்காரத்தை வாசல் பக்க ஜன்னல், பால்கனி, கேட் மூன்றோடு நிறுத்துங்கள். பின்பக்கத்துக்கு நேர்க்கம்பி போதும்.

• ரெடிமேட் பூ, ஈட்டிமுனை வாங்கினால் வார்ப்பிரும்பா என்று கேளுங்கள். வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் ராடில் ஒட்டினால் விரிசல் விடலாம்.

• ஆர்டருக்கு முன், பட்டறைத் தரையில் சாக்பீஸால் நிஜ அளவில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். போனில் அழகாகத் தெரியும் டிசைன், நான்கு அடியில் அடைசலாகத் தெரியலாம்.

பெயின்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்

வெல்டிங் கசடைத் தட்டி, கிரைண்டரில் தேய்த்து, துருவை நீக்கிய பிறகே பிரைமர். பொருத்தும் முன்பே நான்கு பக்கமும் அடிக்க வேண்டும். சுவருக்குள் போகும் முனைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கும். மேலே இரண்டு கோட் எனாமல். ஸ்பானிஷ் தோற்றத்துக்கு, பளபளப்பில்லாத கறுப்பு.

குழந்தைக்கும் ஒரு கணக்கு, உயிருக்கும் ஒரு கணக்கு

கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம், குழந்தையின் தலை நுழைந்துவிடக் கூடாது. பால்கனியில் படுக்கை வாட்டக் கம்பிகளும் வேண்டாம். நமக்கு அது டிசைன், குழந்தைக்கு ஏணி.

இன்னொன்று, எந்த போட்டோவிலும் தெரியாதது. திருடனைத் தடுக்க எல்லா ஜன்னலையும் கம்பியால் மூடிவிடுகிறோம். இரவில் கூடத்தில் தீப்பிடித்து, வாசல் பக்கம் புகை சூழ்ந்தால் படுக்கையறையில் இருப்பவர்கள் எப்படி வெளியே வருவது? ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னல் கிரில்லையாவது கீல் வைத்துத் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். பூட்டு உள்பக்கம் இருக்கட்டும். சாவி அதே அறையில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கட்டும்.

ஒரு ஜோடி கீல், ஒரு கொண்டி, ஒரு பூட்டு. நாலு 'எஸ்' வளைவைக் குறைத்தால் அந்தச் செலவு ஈடாகிவிடும். பட்டறையில் அட்வான்ஸ் கொடுக்கும்போது, டிசைனைப் பற்றிப் பேசும் முன் முதல் வரியாக இதைச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ரூமுக்கு ஒரு ஜன்னல் திறக்கிற மாதிரி வேணும்!"